பில் வராத போன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நியூஜெர்சியிலிருந்து எழுதுகிறேன். வீடு மாறும்போது, 2008இல் வாங்கிய முதல் கிண்டில் (அமேசானின் மின்புத்தகக் கருவி) ஒரு பழைய பெட்டியில் கிடைத்தது. அதில் வைஃபை கிடையாது, சிம் போட இடமும் இல்லை. ஆனால் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே புத்தகம் வாங்கியது நன்றாக நினைவிருக்கிறது. மாதக் கட்டணம் என்று ஒரு காசு கட்டியதில்லை. அப்படியானால் யார் கட்டினார்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள்தான் கட்டினீர்கள், புத்தக விலையோடு சேர்த்து.

உங்கள் கருவிக்குள் ஸ்பிரிண்ட் நிறுவனத்தின் செல்போன் இணைப்பு இருந்தது. அமேசான் அதற்கு ‘விஸ்பர்நெட்’ என்று பெயர் வைத்தது. படமில்லாத நாவல் பெரும்பாலும் ஒரு எம்பிகூட வராது. அனுப்பும் செலவு சொற்பம், விற்பனையிலேயே கழித்துக்கொள்ளலாம். சொந்தக் கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினால் மட்டும் 10 சென்ட் வாங்கினார்கள். அதில் அவர்களுக்கு வியாபாரம் இல்லையே!

கிண்டில் என்றால் எல்லோரும் திரையைத்தான் புகழ்கிறார்கள். காகிதத்தில் அச்சிட்டதுபோல் தெரியும் அந்த மின்மைத் (இ-இங்க்) திரை 2004லேயே ஜப்பானில் சோனியின் லிப்ரியே என்ற மின்புத்தகக் கருவியில் வந்துவிட்டது. 2006இல் வந்த சோனி ரீடரிலும் அதே வகைதான். ஆனால் புத்தகம் ஏற்ற வேண்டுமென்றால் கணினியைத் திற, கேபிளைச் செருகு. 1998இன் ராக்கெட் இபுக்கிலும் இதே பாடு. (அதே காலத்து சாஃப்ட்புக், வீட்டு டெலிபோன் வயரைச் செருகினால் தானே இறக்கிக்கொள்ளும். அதை இன்று யாரும் நினைப்பதில்லை.) 2007 நவம்பரில் 399 டாலருக்கு வந்த கிண்டிலில், கணினியும் வேண்டாம், வயரும் வேண்டாம் என்றானதுதான் புதுசு.

கடைக்காரர் புத்தகத்தை நேராக உங்கள் கைக்கு அனுப்ப முடிந்தால், திரும்ப எடுக்கவும் முடியும். 2009 ஜூலையில் அது நடந்தது. உரிமை இல்லாத ஒரு நிறுவனம் விற்ற பிரதிகளை, வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அமேசான் அழித்தது. எந்தப் புத்தகம் என்று சொன்னால் கதை விடுகிறேன் என்பீர்கள்: அரசாங்கமே பழைய பதிவுகளை அழித்து மாற்றி எழுதும் கதையான ஆர்வெலின் ‘1984’. பணம் திரும்பி வந்தது, அமேசானின் அன்றைய தலைவர் பெஸோஸ் மன்னிப்பும் கேட்டார். ஆனால் அதில் பாடக்குறிப்பு எழுதிவைத்திருந்த ஒரு பள்ளி மாணவர் வழக்கே போட்டார்.

ஸ்பிரிண்டின் 3ஜி 2022இல் நின்றுவிட்டதால் உங்கள் கிண்டிலுக்கு இனி கேபிள்தான் கதி. காப்புரிமை முடிந்த ஆங்கில நூல்களை மோபி என்ற மின்புத்தகக் கோப்பு வடிவில் ஏற்றிப் படிக்கலாம். தமிழ் எழுத்து அதில் வராது. யுஎஸ்பியில் சார்ஜும் ஏறாது, கூடவே வந்த சார்ஜரைத் தேடுங்கள். அதற்குமுன் பின்மூடியைக் கழற்றி பேட்டரி உப்பியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.