இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே பனிக்காலம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் மகளுக்குக் காதில் குழாய் வைத்ததைப் பற்றி முன்பு ஒரு கட்டுரையில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். என் மகனுக்கு இரண்டு வயது. இரண்டு காதிலும் மூன்று மாதத்துக்கு மேலாக நீர் தேங்கியிருக்கிறது. பேச்சும் தள்ளிப்போகிறது. குழாய் வைத்துவிடலாம் என்று சொல்லி, மூன்று வாரத்தில் நாள் குறித்திருக்கிறார்கள். சொல்கிற எல்லோரும் ‘ரொம்பச் சின்ன ஆபரேஷன்தானே’ என்கிறார்கள். எனக்குத் தூக்கமே வரவில்லை. முழு மயக்கம் கொடுப்பார்கள் என்பது மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

மூத்தவளுக்கு ஏழு வயது. இந்த வருடம்தான் பனிச்சறுக்கு வகுப்பில் சேர்ந்தாள். சனிக்கிழமைதோறும் எல்லோரும் மலைக்குப் போவோம். இனி இந்தக் குளிர்காலம் முடியும்வரை போக வேண்டாம், சின்னவனுக்குச் சளி பிடித்துவிடும், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் கணவர். மகள் ஒன்றும் சொல்லவில்லை. சறுக்குக் காலணியை மட்டும் எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டாள். தம்பி ஆஸ்பத்திரிக்குப் போகிற நேரத்தில் நாங்கள் பனியில் விளையாடப் போவது தப்பா, அக்கா?

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா என்று அழைத்துவிட்டீர்கள். நானும் அந்த உரிமையோடே எழுதுகிறேன். முதலில் அந்தக் காலணியை எடுத்து வெளியே வையுங்கள். மகளையே கூப்பிட்டு அவள் கையாலேயே எடுக்கச் சொல்லுங்கள். தன் சனிக்கிழமை போய்விடவில்லை என்பது அவளுக்கு இன்றைக்கே தெரிய வேண்டும்.

தப்பில்லை. போங்கள். நாங்கள் போகாமல் இருந்து பார்த்தவர்கள், அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

என் மகளுக்கு அப்போது ஒன்றே முக்கால் வயது, மகனுக்கு ஆறு. ஜனவரியில் நாள் குறித்தார்கள். டிசம்பர் தொடக்கத்திலேயே நாங்கள் மலைக்குப் போவதை நிறுத்திவிட்டோம். ஜன்னல்களை அடைத்து வைத்து, குடிக்க வெந்நீர் தவிர எதுவும் கொடுக்காமல், ஒரு மாதம் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொண்டோம். அறுவைசிகிச்சைக்கு இரண்டு நாள் முன்பு மகன் பள்ளியிலிருந்து மூக்கொழுக வந்தான். மறுநாள் அவளுக்கு இருமல். அன்று காலை, வெறும் வயிற்றோடு மடியில் கிடந்த குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்ட மயக்க மருத்துவர், இன்றைக்கு வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார். நான்கு வாரம் தள்ளிப்போனது.

அவர் செய்தது சரிதான். சளி பிடித்த குழந்தையின் மூச்சுக்குழாய் எளிதில் உறுத்தலுக்கு ஆளாகும். மயக்கத்தின்போது அது சுருங்கிக்கொள்ளவும் மூச்சு தடைபடவும் வாய்ப்பு கூடுகிறது. இருமல் நின்ற பிறகும் சில வாரங்களுக்கு அந்த உறுத்தல் தங்கியிருக்கும். அவசரமில்லாத சிகிச்சை என்றால் காத்திருப்பதே நல்லது. ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியில் காரின் பின் இருக்கையிலிருந்து மகன் கேட்டான்: “என்னாலதான் தள்ளிப்போச்சா?” அந்தக் கேள்விக்கு முன்னால் நாங்கள் இருவரும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தோம். ஒரு மாதம் அவனுடைய விளையாட்டை எடுத்துக்கொண்டோம், கடைசியில் பழியையும் அவன் தலையில் வைத்துவிட்டோம். நாங்கள் வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் ஜன்னலை அடைக்கிற ஒவ்வொரு முறையும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

சளி வைரஸால் வருவது. ஒருவர் மூக்கிலிருந்து இன்னொருவர் மூக்குக்கு அது போக, மூடிய அறையும் நெருக்கமும்தான் வழி செய்கின்றன. திறந்த மலைச்சரிவில் அந்த வாய்ப்பு குறைவு. ஆகவே உங்கள் கணவரின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள், அதைச் சரியான இடத்தில் கொண்டுபோய் வையுங்கள். கவனிக்க வேண்டிய இடம் பனி இல்லை. மதிய நேரத்தில் நூறு பேர் ஈரக் கையுறைகளோடு நெருக்கியடித்து உட்காரும் அந்த உணவுக்கூடம்தான். அடுத்த மூன்று வாரமும் அதற்குள் சின்னவனை அழைத்துப்போகாதீர்கள். சாப்பாட்டைக் காரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மகள் வகுப்பு முடிந்து வந்ததும் கையை சோப்புப் போட்டுக் கழுவட்டும். தேதிக்கு முந்தைய சனிக்கிழமை மட்டும், அப்பாவும் மகளும் தனியாகப் போய் வரட்டும். அது விலக்கிவைப்பதாக அவளுக்குத் தோன்றாமல், அவளுக்குக் கிடைத்த தனி நாளாகத் தோன்றும்படி செய்யுங்கள். இவ்வளவும் செய்தும் சளி வரலாம். வந்தால் மருத்துவமனைக்கு முன்கூட்டியே போன் செய்யுங்கள். யார் கொண்டுவந்தது என்று வீட்டில் பேச்சே எழ வேண்டாம்.

அப்புறம் அந்த ‘சின்ன ஆபரேஷன்’. செய்பவர்களுக்கு அது உண்மையிலேயே சின்னதுதான். முகமூடி வழியாக மயக்கம் கொடுத்து, நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டே செவிப்பறையில் ஒரு சிறு கீறல் போட்டு, உள்ளே தேங்கியதை உறிஞ்சி எடுத்துவிட்டுக் குழாயைச் செருகுகிறார்கள். சட்டைப் பொத்தானில் நூல் நுழைகிற துளை இருக்கிறதல்லவா, குழாயின் வாய் ஏறக்குறைய அந்த அளவுதான். இரண்டு காதுக்கும் சேர்த்துப் பெரும்பாலும் கால்மணி நேரம். நமக்கு அது சின்னதில்லை. கதவு மூடியதற்கும் திறந்ததற்கும் இடைப்பட்ட அந்தக் கால்மணி நேரத்தில் சுவரில் இருந்த தீயணைப்புக் கருவியின் உபயோகக் குறிப்பை நான் எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. தூக்கம் வரவில்லை என்று எழுதியதற்காக வெட்கப்படாதீர்கள்.

மயக்க மருந்தைப் பற்றி உங்களுக்குப் பயம் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். 2016இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் திரும்பத் திரும்பவோ மூன்று மணி நேரத்துக்கு மேலாகவோ மயக்கம் கொடுத்தால் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்று அது சொன்னது. பலரும் ‘மூன்று வயது’ என்பதோடு நிறுத்திக்கொண்டு பயந்துபோகிறார்கள். அதே எச்சரிக்கை, ஒரு முறை கொடுக்கப்படும் குறுகிய மயக்கத்தால் அப்படிப் பாதிப்பு வர வாய்ப்பில்லை என்றும் சொல்லியிருந்தது. 7 நாடுகளில் 28 மருத்துவமனைகள் சேர்ந்து, 700க்கும் மேற்பட்ட கைக்குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று உண்டு. குடலிறக்க அறுவைசிகிச்சைக்கு வந்த குழந்தைகளில் பாதிப் பேருக்கு முழு மயக்கமும் மற்றவர்களுக்கு விழித்திருக்கும்போதே மரத்துப்போகச் செய்யும் ஊசியும் கொடுத்துவிட்டு, ஐந்து வயதில் அவர்களின் அறிவுத்திறனை ஒப்பிட்டார்கள். 2019இல் முடிவு வந்தது. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான மயக்கம் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. உங்கள் மகனுக்கு நடக்கப்போவது அதைவிடவும் குறுகியது.

என்னிடம் யாரும் முன்னால் சொல்லாத ஒன்றை உங்களுக்குச் சொல்லிவைக்கிறேன். மயக்கம் தெளியும்போது இந்த வயதுக் குழந்தைகள் சிலர் வெறிபிடித்ததுபோல் அழுவார்கள். உடம்பை வில்லாக வளைப்பார்கள். கண் திறந்திருக்கும், ஆனால் அம்மாவைத் தெரியாது. என் மகள் என்னைத் தள்ளிவிட்டாள். ஏதோ தவறு நடந்துவிட்டது என்று நான் நடுங்கிப்போனேன். தவறு எதுவும் நடக்கவில்லை. மயக்க வாயுவிலிருந்து மூளை அரைகுறையாக விழிக்கும்போது வருகிற குழப்பம் அது. பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் தானாக அடங்கிவிடும். எடுத்து அணைத்துக்கொண்டு, விளக்கைக் குறைக்கச் சொல்லி, மெல்லப் பேசிக்கொண்டிருங்கள். அந்த நேரத்துக்கு வீட்டில் அவன் கட்டிக்கொண்டு தூங்கும் போர்வை கையில் இருக்கட்டும்.

அறுவைசிகிச்சைக்கு முந்தைய பட்டினி பற்றியும் கொஞ்சம். பொதுவான கணக்கு இது: உணவும் பாலும் ஆறு மணி நேரத்துக்கு முன்பே நிற்க வேண்டும், தாய்ப்பால் நான்கு மணி நேரத்துக்கு முன்பு, தண்ணீர்போல் தெளிந்த பானங்கள் இரண்டு மணி நேரத்துக்கு முன்பு. சில மருத்துவமனைகள் தண்ணீரை ஒரு மணி நேரம்வரை அனுமதிக்கின்றன. உங்களிடம் கொடுத்திருக்கும் தாளில் உள்ள நேரம்தான் உங்களுக்குக் கணக்கு. ஆனால் அனுமதித்த கடைசி நிமிடம்வரை தண்ணீர் கொடுங்கள். நான் பயத்தில் இரவிலிருந்தே ஒரு சொட்டும் கொடுக்கவில்லை. அதனால் அவளுக்கு ஒரு நன்மையும் இல்லை, தாகம்தான்.

இனி உங்கள் உண்மையான கேள்வி, பனி. குழாய் வைத்த மறுநாளே பல குழந்தைகள் வழக்கம்போல் ஓடியாடத் தொடங்கிவிடுவார்கள். சில நாள் சொட்டு மருந்து போடச் சொல்வார்கள், காதிலிருந்து கொஞ்சம் நீர் கசியலாம். எங்கள் மருத்துவர் மறுவாரமே மலைக்குப் போகச் சொன்னார். உங்களுடையவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். உயரம் ஏறினால் காது என்னாகும் என்ற பயம் எனக்கு இருந்தது. உண்மையில் மலையேறி இறங்கும்போது காது அடைத்து வலிப்பது, தொண்டைக்கும் நடுக்காதுக்கும் இடையிலுள்ள குழாய் திறக்காததால். சின்னக் குழந்தைகளுக்கு அந்தக் குழாய் குட்டையாகவும் ஏறக்குறைய படுக்கைவாட்டிலும் இருப்பதால்தான் இந்த நீர்த்தேக்கமே வருகிறது. செவிப்பறையில் ஒரு வாசல் வைத்துவிட்டபின் அழுத்தம் அதன் வழியே சமமாகிவிடும். போகும்போது வழியெல்லாம் அழுகிற பிள்ளை, அந்த முறை தூங்கிக்கொண்டு வந்தாள்.

இரண்டு வயதுக்குச் சறுக்குப் பலகை வேண்டாம், உட்காரவைத்துப் பனியில் இழுத்துப்போகும் ஸ்லெட் போதும். நான் பிடிவாதமாகச் சொல்வது ஒன்று: முதுகிலோ மார்பிலோ குழந்தையைக் கட்டிக்கொண்டு யாரும் சறுக்கக் கூடாது. எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் சரி. நீங்கள் விழாவிட்டாலும் மேலிருந்து வருகிறவர் மோதலாம். ஸ்லெட்டிலும் ஹெல்மெட் போடுங்கள். நடப்பவர்களுக்குச் சூடு பிறக்கும், ஸ்லெட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவனுக்குப் பிறக்காது. அதனால் இருபது நிமிடத்துக்கொரு முறை இறக்கி நடக்கவிடுங்கள். கை விரல் சில்லிட்டிருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் கழுத்துக்குப் பின்னால் தொட்டுப் பாருங்கள், கால்விரல்களையும் பாருங்கள். கறுப்புக் கண்ணாடி அவசியம். புதுப்பனி புறஊதாக் கதிர்களில் 80 சதவீதம்வரை திருப்பி அனுப்பும். 1000 மீட்டர் ஏறினால் அந்தக் கதிர்களின் வலிமையும் ஏறக்குறைய பத்து சதவீதம் கூடுகிறது.

அந்தக் குளிர்காலத்தின் இரண்டு விஷயங்களுக்கும், காதுக் குழாய்க்கும் பனிச்சறுக்குப் பாடத்துக்கும், வேர் ஒரே நாட்டில் இருப்பது பிறகுதான் தெரியவந்தது. செவிப்பறையில் கெட்டி ரப்பரால் ஒரு சிறு வளையம் வைத்துப் பார்த்தவர்களில் முன்னோடி, 19ஆம் நூற்றாண்டு வியன்னாவின் ஆடம் போலிட்சர். அந்த முயற்சி நிலைக்கவில்லை. 1954இல் அமெரிக்க மருத்துவர் ஆர்ம்ஸ்ட்ராங் வினைல் குழாயோடு அதை மீட்டெடுத்தார். பலகைகளின் முன்நுனியைச் சேர்த்துப் பின்பக்கத்தை அகட்டி வேகத்தைக் குறைக்கிறார்களே, உங்கள் மகள் முதல் வகுப்பில் கற்ற அதே நிலை, அதிலிருந்து படிப்படியாகக் கற்பிக்கும் முறையைப் பரப்பியவர் ஆஸ்திரியாவின் ஆர்ல்பெர்க் மலைப்பகுதியைச் சேர்ந்த ஹன்னஸ் ஷ்னைடர். இதை என் மகனிடம் சொன்னபோது, தனக்கும் தங்கைக்கும் ஒரே ஊரிலிருந்து ஏதோ வந்திருப்பதாக எடுத்துக்கொண்டான்.

அந்த முதல் சனிக்கிழமையைச் சொல்லி முடிக்கிறேன். கடுங்குளிர். அவ்வளவு குளிரில் காலுக்கடியில் பனி உருகாது, படிகங்கள் உடைந்து கிறீச் கிறீச் என்று சத்தம் வரும். ஸ்லெட்டிலிருந்து இறக்கிவிட்டேன். மகள் ஓரடி வைத்தாள், நின்றாள். குனிந்து தன் காலைப் பார்த்தாள். இன்னோர் அடி. மறுபடியும் நின்று என்னைப் பார்த்தாள். போன குளிர்காலத்திலும் அவளை இதே பனியில் கைபிடித்து நடக்கவிட்டிருக்கிறோம். அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டதில்லை என்பது எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. மகன் வகுப்பு முடிந்து இறங்கி வந்தான், பலகையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவளுக்காக வேண்டுமென்றே காலை அழுத்தி அழுத்தி வட்டமாக நடந்தான். அவள் பின்னாலேயே நடந்தாள். வண்டி நிறுத்துமிடம் காலியாகும்வரை இரண்டு பேரும் நடந்துகொண்டிருந்தார்கள்.

தேதி தள்ளிப்போனாலும் எழுதுங்கள். முடிந்ததும் எழுதுங்கள். மகளின் வகுப்பு எப்படிப் போகிறது என்றும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா