மணலில் கறுப்பு வரி எப்படி?

கேள்வி: மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் வெள்ளை மணலுக்கு நடுவே கறுப்பும் சிவப்புமாக வரி வரியாகக் கிடக்கிறதே, யாராவது எண்ணெய் கொட்டிவிட்டார்களா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: எண்ணெய் இல்லை, அவ்வளவும் கனிமம்! நானும் பள்ளிச் சுற்றுலாவில் கன்னியாகுமரியில் 'ஏழு வண்ண மணல்' பொட்டலம் வாங்கி, சாயம் போட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று வீட்டுக்கு வந்து தண்ணீரில் கழுவிப் பார்த்தவன்தான். நிறம் போகவில்லை.

கறுப்பு, இல்மனைட். இரும்பும் டைட்டானியமும் சேர்ந்த ஆக்சைடு. சிவப்பு, கார்னெட். சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த சிலிக்கேட் வகை. இவையெல்லாம் பூமிக்குள் வெகு ஆழத்தில், கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான பாறைகளில் இருந்தவை. அந்தப் பாறைகள் மேலே வந்து, மழையிலும் வெயிலிலும் உதிர்ந்து, ஆற்றோடு கடலுக்குப் போயின. மிச்ச வேலை அலையுடையது. வெள்ளை மணலான குவார்ட்ஸ் தண்ணீரைப் போல 2.65 மடங்கு கனம். இல்மனைட் சுமார் 4.7 மடங்கு. திரும்பும் அலை லேசானதை இழுத்துப் போகிறது, கனமானது தங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் முறத்தில் புடைப்பார்களே, அதே கணக்கு.

அடுத்த முறை பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள். சுற்றாமல் வைத்தால் ஒட்டிய தூளைச் சுரண்டியே பொழுது போய்விடும், என் அனுபவம்! மணல் காய்ந்திருக்க வேண்டும். கறுப்பு கொஞ்சம் ஒட்டும், குவார்ட்ஸ் அசையாது. அப்புறம், மூட்டை கட்டி வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். அதில், கதிர்வீச்சு தரும் தோரியம் உள்ள மோனசைட் என்ற கனிமமும் கலந்திருக்கும்.