கேள்வி–பதில்: நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு

கே: பழைய ஐரோப்பிய கார்களின் மாடல்கள் சேர்க்கலாம் என்று பார்த்தால் 1:18, 1:43, 1:87 என்று வாய்ப்பாடு மாதிரி பயமுறுத்துகிறார்கள். அதென்ன 43? சுலபமாக 40 என்று வைத்திருக்கக் கூடாதா?

ப: 1:43 என்றால் நிஜக் காரின் நீளத்தில் நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு. 40 என்று வைத்திருக்கலாம்தான், ஆனால் அந்த எண் கார்க்காரர்கள் யோசித்து வைத்ததில்லை, ரயில்காரர்கள் விட்டுப்போனது. பிரிட்டனில் ஓ கேஜ் என்ற அளவில் செய்த பொம்மை ரயில்களில் நிஜத்தில் ஓர் அடி என்றால் பொம்மையில் 7 மில்லிமீட்டர். ஓர் அடி 304.8 மில்லிமீட்டர், ஏழால் வகுத்தால் நாற்பத்து மூன்றரை வந்துவிடும். லிவர்பூலில் ஃபிராங்க் ஹார்ன்பியின் மெக்கானோ கம்பெனி 1933 கடைசியில் சின்னக் கார்களைக் கொண்டுவந்தபோது அவை பொம்மை ரயில் நிலையத்தின் வாசலில் அழகுக்கு நிறுத்தி வைக்கத்தான். அடுத்த வருடமே டிங்கி என்ற பெயர் கிடைத்தது, அப்புறம் ரயிலே இல்லாத வீடுகளிலும் அந்தக் கார்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. 1:87-உம் ரயில் உறவுதான், ஓ அளவில் பாதி. 1:24-க்குக் கணக்கு சுத்தம்: நிஜத்தில் ஓர் அடி என்றால் மாடலில் அரை அங்குலம்.

கையில் எடுத்தால் எவ்வளவு இருக்கும் என்று கேட்பீர்கள். 1959-இல் வந்த மினி நிஜத்தில் 3.05 மீட்டர், 1:43-இல் ஏழு சென்டிமீட்டர், 1:18-இல் பதினேழு. 1961 ஜாகுவார் ஈ-டைப் 4.45 மீட்டர், அது 1:18-இல் கிட்டத்தட்ட இருபத்தைந்து சென்டிமீட்டருக்கு நீண்டுவிடும். முதலில் அலமாரியை அளந்துவிடுங்கள், ஆசை அப்புறம்.

கே: என்னிடம் உள்ள பழைய மேட்ச்பாக்ஸ் செட்டில் டபுள்டெக்கர் பஸ்ஸும் காரும் ஏறக்குறைய ஒரே நீளம். தயாரிப்புத் தவறா?

ப: தவறில்லை, அங்கே பெட்டிதான் அளவுகோல். மேட்ச்பாக்ஸ் கார்களைச் செய்த லெஸ்னி கம்பெனியின் ஜாக் ஓடெல்லுடைய மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையை மட்டுமே கொண்டுவரலாம் என்று ஒரு விதி. அப்பா ஒரு குட்டி ரோட் ரோலர் செய்து கொடுத்தார், மற்ற பிள்ளைகளும் கேட்க, 1953-இல் அதுவே வியாபாரமாகிவிட்டது. பஸ்ஸானாலும் காரானாலும் பெட்டிக்குள் போக வேண்டும், அவ்வளவுதான் விதி.

கே: பாண்ட் படத்தில் ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 வெள்ளி நிறம். கார்கி என்ற பொம்மை கம்பெனி 1965-இல் செய்த மாடல் மட்டும் ஏன் தங்க நிறம்?

ப: வெள்ளி நிறம் பூசினால் பெயின்ட் அடிக்காத வெறும் உலோகம் மாதிரி தெரியும் என்று பயந்தார்களாம். இன்னொரு விஷயம், கையில் இருந்த பழைய டிபி4 அச்சையே மாற்றியமைத்துத்தான் அதைச் செய்தார்கள், ஆக அது டிபி5-இன் ஒழுங்கான நகல்கூட இல்லை. பொத்தானை அழுத்தினால் பக்கத்து சீட்டில் உள்ள ஆள் கூரை வழியாகப் பறக்கும்போது யார் அதையெல்லாம் பார்த்தார்கள்!

கே: போருக்கு முந்தைய டிங்கி கார் ஒன்று, துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தேன். இப்போது உடம்பெல்லாம் விரிசல், தொட்டால் உதிர்கிறது. பசை போட்டு ஒட்டலாமா?

ப: வருத்தமான பதில்தான். உங்கள் மேல் தப்பில்லை, அது பிறக்கும்போதே கூட வந்த வியாதி. டை-காஸ்ட் கார் என்பது துத்தநாகக் கலவையை உருக்கி அச்சுக்குள் அழுத்தி வார்ப்பது. துத்தநாகம் மிகச் சுத்தமாக இருக்க வேண்டும்; துளி ஈயம் கலந்தாலும் உலோகத்தின் துகள்களுக்கு நடுவே உள்ளிருந்தே அரிப்பு தொடங்கி, வருடக்கணக்கில் கார் உப்பி, வளைந்து, வெடித்து, கடைசியில் பொடியாகிவிடும். அந்தக் காலத்தில் கலவையின் சுத்தத்தை இப்போது போலக் கவனிக்கவில்லை. ஈரமும் வெப்பமும் வேகத்தைக் கூட்டும், எனவே உலர்ந்த, சூடு ஏறாத இடத்தில் வையுங்கள். பசை ஒட்டிய இடம் நிற்கும், பக்கத்து இடம் விரியும். குணப்படுத்த வழியில்லை. பக்கத்தில் உள்ள காருக்குத் தொற்றுமா என்று சிலர் பயப்படுகிறார்கள், தொற்றாது.

கே: ரெசின் என்ற பிசினில் வார்த்த மாடலை வாங்குவதா, டை-காஸ்டா?

ப: எஃகு அச்சு செய்யச் செலவு அதிகம், அதனால் டை-காஸ்ட் ஆயிரக்கணக்கில் விற்றால்தான் கட்டும். ரெசினுக்கு சிலிக்கோன் ரப்பர் அச்சு போதும், அது சீக்கிரம் தேய்ந்துவிடும், ஆனால் நூறு பேர் மட்டும் தேடும் அபூர்வக் கார்கூட வெளியே வர அதுதான் வழி. கோடுகள் கூர்மையாக இருக்கும், கதவு பெரும்பாலும் திறக்காது. கதவைத் திறந்து பார்க்காமல் இருக்க முடியாத ஆள் நான், என் ஓட்டு டை-காஸ்டுக்கு.

கே: கார் கம்பெனிகளே பொம்மை செய்ததுண்டா?

ப: ஆந்த்ரே சித்ரோன் 1923-லேயே தகரக் கார்களை விற்றார். குழந்தை முதலில் பேசும் வார்த்தைகள் அம்மா, அப்பா, சித்ரோன் என்றிருக்க வேண்டும் என்பது அவர் ஆசை என்பார்கள். எட்டோரே புகாட்டி இன்னும் ஒரு படி மேலே போய், தன் கடைசி மகனுக்காக டைப் 35-ஐப் பாதி அளவில் பேட்டரியில் ஓடும்படி செய்தார், பார்த்தவர்களெல்லாம் கேட்கவே அதையும் விற்பனைக்கு விட்டார்.

கே: முதல் மாடலாக எதை வாங்கலாம்?

ப: 1954 மெர்சிடீஸ் 300 எஸ்எல், 1:18-இல். நிஜக் காரின் குழாய்ச் சட்டம் பக்கவாட்டில் உயரமாக எழுந்ததால் சாதாரணக் கதவு வைக்க இடமில்லை, அதனால்தான் கதவு மேல்நோக்கித் திறக்கும். வாங்கும் முன் கதவைத் தூக்கிக் கீலைப் பாருங்கள். தடித்த வளைந்த கொக்கி மாதிரி ஒன்று எட்டிப் பார்த்தால் வேறு கம்பெனி மாடலைத் தேடுங்கள்.