கேஸ் மாத்திரை, மரபணு, கிட்னி: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், நானும் என் தம்பியும் போடுவது வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒரே கேஸ் மாத்திரை, ஒமிப்ரசோல் 20 மி.கி. அவனுக்கு நெஞ்செரிச்சல் அடங்கிவிடுகிறது, எனக்கு அடங்கவில்லை. எப்படி?

பதில்: சாப்பிட்ட பிறகு போடுகிறீர்களா? சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். அதைச் சரியாகச் செய்தும் கேட்கவில்லை என்றால் மரபணுவைச் சந்தேகிக்கலாம். கல்லீரலில் உள்ள சிஒய்பி2சி19 என்ற நொதிதான் (என்சைம்) இந்த மருந்தைப் பெரும்பாலும் சிதைக்கிறது. அதற்கான மரபணு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என வருகிறது. உடன்பிறந்தவர்களுக்கே வேறு வேறு ஜோடி அமையும். இந்த மரபணுவில் 17ஆம் எண் என்று குறிக்கப்படும் வகை அமைந்தவருக்கு மருந்து வேகமாகச் சிதைந்துவிடும். இரண்டு பிரதியும் செயலிழந்த வகையாக இருந்தால் ரத்தத்தில் மருந்து பல மடங்கு ஏறும், அமிலமும் நன்றாகவே அடங்கும். ஐரோப்பியரில் 100 பேரில் 2, 3 பேர் அப்படி. கிழக்கு ஆசியரில் சுமார் 13 பேர். அதே குடும்பத்து மாத்திரையான ராபிப்ரசோல் இந்த நொதியை அவ்வளவாக நம்பியிருப்பதில்லை. மாற்றலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: அப்படியென்றால் மெதுவாகச் சிதைக்கிறவர்களுக்குத்தான் கிட்னி கெடுமா?

பதில்: அப்படி நிரூபணமாகவில்லை. இந்த மாத்திரைகளால் வரும் முக்கியமான கிட்னி பாதிப்பு, சிறுநீரகத்தின் இடைத்திசுவில் திடீரென வரும் அழற்சி. ஒமிப்ரசோலால் வந்ததாக 1992இல் முதலில் பதிவானது. உடலின் எதிர்ப்பு சக்தி மருந்தைப் பகையாக நினைத்துத் தாக்குவதால் வருவது இது. குறைந்த அளவிலும் வரும், யாருக்கு வரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. நல்லவேளை, அபூர்வம்தான்.

ஆனால் சத்தமில்லாமல் வரும் என்பதுதான் என் கவலை. காய்ச்சல், தோல் தடிப்பு எல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு அவை சேர்ந்து வருவதே இல்லை. மாத்திரை தொடங்கிச் சில வாரமோ சில மாதமோ கழித்து அசதி, பசியின்மை, குமட்டல். சிறுநீர் வழக்கம்போலவே போகும். ரத்தப் பரிசோதனையில் 0.9 இருந்த கிரியேட்டினின் (கிட்னி வடிகட்ட வேண்டிய கழிவு) 2ஐத் தாண்டியிருக்கும். உடனே மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் இறங்கும், சிலருக்கு முழுதாக இறங்காது. உறுதி செய்யத் திசுப் பரிசோதனை தேவைப்படலாம். ஒருமுறை இப்படி வந்தவர் பான்டோப்ரசோல், எசோமிப்ரசோல் என்று அதே குடும்பத்தில் வேறொன்றுக்கு மாறக் கூடாது.

கேள்வி: வருடக்கணக்கில் போட்டால் டயாலிசிஸ்தான் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள்.

பதில்: 2016இல் வந்த கண்காணிப்பு ஆய்வுகள் நாள்பட்ட கிட்னி நோய்க்கும் இந்த மாத்திரைக்கும் தொடர்பு காட்டின. ஆனால் இதைப் போடுகிறவர்கள் ஏற்கெனவே கூடுதல் நோயுள்ளவர்கள், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2019இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 17,000க்கும் மேற்பட்டோருக்குக் குலுக்கல் முறையில் பான்டோப்ரசோலோ வெற்று மாத்திரையோ சுமார் 3 வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். தெளிவாகக் கூடியது குடல் தொற்று மட்டுமே. பயந்து நிறுத்தாதீர்கள், குறிப்பாக அல்சரில் ரத்தம் கசிந்தவர்கள். ஆனால் எதற்காகத் தொடங்கினோம் என்றே நினைவில்லாமல் போட்டுக்கொண்டிருந்தால், தொடர வேண்டுமா என்று அவசியம் கேளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமலிருக்க குளோபிடோக்ரெல் கொடுக்கிறார்கள். கூடவே எசோமிப்ரசோல்.

பதில்: இதை இந்த வாரமே அவருடைய இதய மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். குளோபிடோக்ரெல் வேலை செய்யத் தொடங்கவே அதே சிஒய்பி2சி19 நொதி வேண்டும். ஒமிப்ரசோலும் எசோமிப்ரசோலும் அந்த நொதியைத் தடுக்கும். பான்டோப்ரசோல் அவ்வளவாகத் தடுப்பதில்லை.

கேள்வி: மரபணு டெஸ்ட் எடுத்துவிடட்டுமா?

பதில்: கிட்னி பயத்துக்காக என்றால் வேண்டாம். அதற்கு கிரியேட்டினின் பார்த்தால் போதும். ஏற்கெனவே வேறு காரணத்துக்காக எடுத்த டெஸ்டின் ரிப்போர்ட் கையில் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். மெதுவாகச் சிதைப்பவர் ஒமிப்ரசோல் போன்ற மாத்திரையை 12 வாரத்துக்கு மேல் தொடரும்போது, நோய் கட்டுக்குள் இருந்தால் அளவைப் பாதியாக்குவதை யோசிக்கலாம்.

கேள்வி: அம்மாவுக்கு கிட்னி கொஞ்சம் பலவீனம். அமிலத்தைக் குறைக்கும் வேறு வகை மாத்திரையான பேமோடிடினுக்கு மாற்றலாமா?

பதில்: மாற்றலாம், ஆனால் அளவு குறைய வேண்டும். அது பெருமளவு கிட்னி வழியாகத்தான் வெளியேறுகிறது. தேங்கினால் வயதானவர்களுக்கு மனக்குழப்பம் வரும். மக்னீசியம், அலுமினியம் கலந்த ஆன்டாசிட் திரவத்தையும் அவர் தானாக வாங்கிக் குடிக்கக் கூடாது.