எரிகோவின் மதிலும் எசேக்கியாவின் பொன்னும்

இஸ்ரவேலரின் தலைவன் யோசுவாவின் முன் எரிகோ நகர மதில் இடிந்ததாக வேதாகமம் சொல்வதை அகழாய்வு நிரூபித்துவிட்டது என்று அப்பா பழைய புத்தகத்தைக் காட்டுகிறார், நண்பரோ வேதாகமம் முழுவதும் கட்டுக்கதை என்கிறார், யாருக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இருவருமே அவசரப்படுகிறார்கள் என்பது என் கருத்து.

அப்பாவின் புத்தகம் அநேகமாக 1930-களில் எரிகோ மேட்டைத் தோண்டிய அகழாய்வாளர் ஜான் கார்ஸ்டாங், மதில் யோசுவா காலத்தில் விழுந்தது என்று சொன்ன முடிவை நம்பி எழுதப்பட்டிருக்கும். 1952 முதல் 1958 வரை அதே மேட்டைத் தோண்டிய கேத்லீன் கென்யன் அதை மறுத்தார். அவர் கணக்கில் நகரம் அழிந்தது கி.மு. 1550 வாக்கில். பலரும் யோசுவாவுக்குக் குறிக்கும் கி.மு. 13ஆம் நூற்றாண்டில் அங்கே மதில் சூழ்ந்த நகரம் இருந்ததற்குத் தடயம் இல்லை. பிற்காலத்தில் எரிந்த தானியங்களில் செய்த கார்பன் சோதனையும் கென்யன் பக்கமே நின்றது.

நண்பரிடம் அசீரிய மன்னன் சனகெரிப்பைப் பற்றிக் கேளுங்கள். கி.மு. 701 படையெடுப்பைப் பற்றிய அவன் களிமண் பட்டயம், யூதா நாட்டு அரசன் எசேக்கியாவைக் கூண்டுப் பறவைபோல் எருசலேமில் அடைத்ததாகச் சொல்கிறது. நகரைப் பிடித்ததாகச் சொல்லவில்லை. கப்பமாக வாங்கிய பொன் 30 தாலந்து (பழங்கால எடை அளவு) என்கிறது. வேதாகமத்தின் இரண்டாம் இராஜாக்கள் நூல் 18ஆம் அதிகாரத்திலும் அதே 30தான்! வெள்ளிக் கணக்கு மட்டும் பட்டயத்தில் 800, வேதாகமத்தில் 300 என வேறுபடுகிறது. பகைவர் இருவரின் ஏடுகள் இவ்வளவு நெருங்குவது எனக்கு இன்றும் சிலிர்ப்பூட்டுகிறது.

அப்பாவிடம் பேசும்போது எரிகோவில் தொடங்காதீர்கள். முதலில் எசேக்கியாவைப் பற்றிப் பேசுங்கள். அவர் காது கொடுத்துக் கேட்பார்.