எல்லையை நடந்து கடப்பது: மாலை நாலரை மணி போதுமா?

உள்ளூர்ப் பேருந்து எல்லை ஊரோடு நின்றுவிடும், நான் போய்ச் சேர மாலை நாலரை ஆகும், அப்புறம் நடந்து கடந்து அடுத்த வண்டி பிடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். முந்தின ஊரிலேயே இரவு தங்கி, காலை முதல் வண்டியில் போங்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தும் குடிநுழைவுக் கவுண்டர் மூடும் நேரத்தை இரண்டு பக்கமும் விசாரியுங்கள். இரண்டு பக்கமும் நேரம் வேறாக இருக்கலாம்; உதாரணமாக, தாய்லாந்திலிருந்து மலேசியாவுக்குள் போனால் கடிகாரம் 1 மணி நேரம் முன்னே ஓடும். வெளியேறும் முத்திரை விழுந்த பிறகு எதிர்ப்பக்கம் மூடியிருந்தால் பெரிய சிக்கல். ஒருமுறை மட்டும் நுழையும் விசா அந்த முத்திரையோடு முடிந்துபோகும், திரும்பிப் போகவும் வழியிருக்காது.

இதைவிட எனக்குக் கவலை நுழைவு முத்திரைதான். உள்ளூர்க்காரர்கள் தாராளமாக வந்துபோகும் எல்லையில் உங்களையும் யாரும் நிறுத்த மாட்டார்கள்; குடிநுழைவு அலுவலகம் சாலையோரம் கண்ணில் படாமல் ஒதுங்கி இருக்கும். ரிக்‌ஷாக்காரர் "தேவையில்லை" என்றாலும் இறங்கித் தேடிப் போங்கள். முத்திரை இல்லாவிட்டால், நாட்டைவிட்டு வெளியேறும்போது திருட்டுத்தனமாக நுழைந்தவராகத்தான் பார்ப்பார்கள். கவுண்டரைவிட்டு நகருமுன் தேதியையும் தங்க அனுமதித்த நாட்களையும் படித்துப் பாருங்கள். பிழை இருந்தால் அங்கேயே திருத்தி வாங்குவது சுலபம்.

பணம், அடுத்த ஊர் போக வண்டிக்கும் சாப்பாட்டுக்கும் தேவையானது மட்டும் மாற்றுங்கள்.