சங்குப்பூவின் நீலமும் மயிலின் நீலமும்

கேள்வி: சங்குப்பூவை வெந்நீரில் இட்டால் நீலம் இறங்குகிறது, மயிலிறகை எவ்வளவு ஊறவைத்தாலும் இறங்குவதில்லையே, ஏன்?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: சங்குப்பூவில் இருப்பது நீரில் கரையும் ஆந்தோசயனின் நிறமி, அந்நீரில் எலுமிச்சையைப் பிழிந்தால், அமிலத்தால் மூலக்கூறின் அமைப்பு மாறி, நீலம் ஊதாவாகவும் பின்னர் இளஞ்சிவப்பாகவும் மாறும். மயிலிறகிலோ, வியப்பாகத் தோன்றினாலும், நீல நிறமியே கிடையாது. அதிலுள்ள மெலனின் என்னும் நிறமி கரும்பழுப்பு நிறமுடையது. அதன் நுண்கோல்கள் ஒளியின் அலைநீளத்தினும் குறைந்த இடைவெளியில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதால், பட்டுத் திரும்பும் ஒளியில் நீல அலைகள் மட்டும் வலுப்பெற்று நம் கண்ணை அடைகின்றன. கரைவதற்கு அங்கே சாயம் ஏதுமில்லை. இறகை அரைத்துப் பொடியாக்கினால், அடுக்கு குலைந்து பழுப்பே மிஞ்சும். தாமிரபரணிக் கரையில் நீங்கள் காணும் மீன்கொத்தியின் நீலமும் நுண்ணமைப்பால் விளைவதே. ஆயினும் அதில் ஒளியைச் சிதறச் செய்பவை இறகின் புரதமான கெராட்டினில் உள்ள பஞ்சு போன்ற நுண்துளைகள்.